தந்த வைத்தியம் நாடுவோரும் இடையில் நின்ற ஓராண்டும்

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலிருந்து, பின்னர்த் தந்த வைத்தியக் கலாசாலையிற் சேர முயலும் இளைஞர் நம்மிடையே பலர். தமிழ் பயிலும் யாம் இப்பொருள் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்து, ஆவணி கழியுமுன் பெயரை நீக்கிக்கொண்டு நீட் பரீட்சைக்குப் படிக்கச் சென்றோரை யாம் அறிவோம். அவ்வாறே ஓராண்டு கழிந்தபின் எமக்கு இளைய வகுப்பில் வந்து சேர்ந்தோரையும் அறிவோம். இவர்பால் அறிவு குறைந்ததன்று, முயற்சியும் குறைந்ததன்று. காலத்தைக் கணக்கிட்ட முறையே பிழைபட்டது என்பது எமது துணிபு.

2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மருத்துவத்திற்கும் தந்த வைத்தியத்திற்கும் நீட் பரீட்சையே வாயிலாயிற்று. அதன் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயப் புகுந்திலேம். அது பற்றிய வழக்குகளும் துயரங்களும் யாவரும் அறிந்தவை. வாயில் ஒன்றே; அது ஆண்டிற்கு ஒருமுறையே திறப்பது; அதிற் பெற்ற மதிப்பெண் அவ்வாண்டின் சேர்க்கைக்கன்றிப் பிறிதோராண்டிற்குப் பயன்படாது. ஆகவே ஓராண்டை ஒழித்து வைப்போன் ஜூன் மாதத்திலிருந்து முன்னோக்கி எண்ணுதல் தகாது. பரீட்சை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும்.

2023, 2024, 2025 ஆகிய மூவாண்டுகளிலும் அந்நாள் மே மாதத்து முதல் ஞாயிறாக அமைந்தது. 2025இல் 180 வினாக்களுக்கு 180 நிமிடம். அவற்றுட் பாதி, அதாவது 90, உயிரியலைச் சார்ந்தவை. பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எழுதவேண்டிய பரீட்சைக்கு விடியற்காலையில் மட்டுமே படித்துப் பழகியோன், உண்ட மயக்கம் வரும் வேளையில் என் செய்வான்? ஏப்ரல் மாதம் முழுதும் அதே பிற்பகலில், அதே மூன்று மணி அளவில், வினாத்தாள்களை எழுதிப் பார்ப்பதற்கே உரியது. அங்ஙனமாயின் புதிய பாடம் எதுவும் பிப்ரவரிக்கு அப்பால் நிற்றலாகாது. பின்னோக்கி எண்ணியவுடன் ஓராண்டு என்பது எட்டுத் திங்களாகச் சுருங்கிவிடுவதைக் காண்கின்றோம். தீபாவளிக்குப் பின் பார்த்துக்கொள்வோம் என்னும் சொல் எத்துணைக் கொடிது என்பது அப்போதுதான் விளங்கும்.

படிப்பைப் பற்றி யாவரும் பேசுவர். காகிதங்களைப் பற்றிப் பேசுவார் இலர். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றிற்குத் தாலுகா அலுவலகத்தை நாடவேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணாக்கர்க்குக் கிடைத்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை வேண்டுவோர், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றதைக் காட்டல் வேண்டும். மூன்று ஊர்களில் மூன்று பள்ளிகளிற் படித்த ஏழைச் சிறுவன் மூன்று தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெறவேண்டுமன்றோ? கோடை விடுமுறையில் அவர்களை எங்கே தேடுவது? இடையில் வேறொரு கலாசாலையிற் சேர்ந்திருந்தவனோ, தன் மாற்றுச் சான்றிதழ் அவ்வலுவலகத்துப் பேழையில் உறங்குவதைக் கலந்தாய்வு அறிவிக்கப்பட்ட பின்னரே நினைவுகூர்கின்றான். இவற்றையெல்லாம் பரீட்சைக் காய்ச்சல் இல்லாத புரட்டாசி, ஐப்பசித் திங்களிலேயே தேடித் தொகுத்துவிடல் நலம்.

பெண்மக்கள் நிலை வேறு. ஆடவன் வீட்டிலிருந்தால் படிக்கின்றான் என்பர்; பெண் வீட்டிலிருந்தால் அடுக்களைக்கு ஓர் ஆள் கிடைத்ததென மகிழ்வர். தம்பிக்கு உணவு, பாட்டிக்கு மருந்து, வந்த விருந்தினர்க்குக் காப்பி என்று அவளுடைய எட்டுத் திங்கள் நாலாகக் குறையும். திருமணப் பேச்சும் தொடங்கும். ஆதலின் அவள் வகுக்கும் காலத்திட்டத்தில் முதல் வரி பாட நூலைப் பற்றியதன்று. எந்நேரம் தன் நேரம் என்று பெற்றோரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையே ஆகும். அருகிலுள்ள நூலகத்திற்கு நாள்தோறும் சென்றுவர இசைவு பெற்றாலே பாதி வெற்றி என்போம்.

இனி, வைத்தியக் கலாசாலையில் இடம் கிட்டாதவர்க்கு எஞ்சிய பொருளே தந்த வைத்தியம் என்னும் எண்ணத்தை யாம் வெறுக்கின்றோம். அது நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் உடைய தனிக்கலை. கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய நுண்டொழில். தொடக்க வகுப்பிலேயே மெழுகில் பற்களைச் செதுக்கப் பழக்குவர். அமெரிக்க நாட்டில் ஒரு காலத்து நுழைவுப் பரீட்சையிலேயே சுண்ணக்கட்டியைச் செதுக்கிக் காட்டச் சொன்னார்கள். நம் பரீட்சையோ கைத்திறனைக் கேட்பதேயில்லை. ஆகவே அதனைத் தானே சோதித்தறியும் பொறுப்பு மாணாக்கனுடையது. எட்டுத் திங்களில் இரண்டு வாரம் ஒரு பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று பார்த்தவன், அத்தொழில் தனக்கு உகந்ததா என்பதைப் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு இருந்தவனைவிட நன்கு அறிவான்.

மற்றொன்று. இப்பரீட்சைக்கு வயதின் மேலெல்லை 2022இல் நீக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் வரம்பும் இல்லை. இது நன்மையெனத் தோன்றினும், முடிவு நாளைக் குறிக்கும் கடமை அதனால் மாணாக்கன் தலைமேலேயே விழுகின்றது. ஒருமுறையா, இருமுறையா என்பதை மதிப்பெண் வந்த நாளில், கண்ணீரோடு தீர்மானித்தல் கூடாது. ஓய்வாண்டின் முதல் வாரத்திலேயே எழுதி வைத்துவிடல் வேண்டும். 2025இல் பரீட்சை முடிவு ஜூன் 14ஆம் நாள் வெளிவந்தது. அரசினர் கலைக் கலாசாலைகளோ மே மாதத்திலேயே விண்ணப்பம் பெறத் தொடங்கிவிட்டன. முடிவைக் கண்டபின் பிற வழி நோக்குவோம் என்றிருந்தவர்க்கு இரண்டும் இல்லாமற் போக இடமுண்டு. பரீட்சை எழுதிய மறுவாரமே கலைக் கலாசாலைக்கும் விண்ணப்பித்தல் தன்னம்பிக்கையின்மை ஆகாது.

நம் பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்வோம். 1978க்கு முன் புகுமுக வகுப்புக் கலாசாலைகளிலேயே நடைபெற்றது. அவ்வகுப்பினின்று சென்று தந்த வைத்தியராய்ப் பணியாற்றியோர் இவ்விதழைப் படிப்போருள் இருத்தல் கூடும். அவர்களும், அவர்தம் மக்களுள் அத்தொழில் ஏற்றோரும், தத்தம் மருத்துவமனையில் ஓர் ஓரத்து நாற்காலியை இரண்டு வாரம் ஓர் இளைஞனுக்கோ இளம் பெண்ணுக்கோ அளிப்பார்களாயின், விடுதியில் எம்மை வழி வினவுவோரை அவர்பால் அனுப்பக் காத்திருக்கின்றோம்.