உலைக்களம் காணாத ஆய்வு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் மொழி. கரியமில வாயுவைக் குறைப்பதற்கென நமது பல்கலைக்கழகங்கள் எழுதிக் குவிக்கும் ஆய்வேடுகளை எண்ணும்போது அம்மொழியே நம் நினைவுக்கு வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தைப் பாருங்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். அருகிலேயே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள். அதற்குக் கிழக்கே, தலைமுறை தலைமுறையாக நம் மக்களும் வாழ்ந்துவரும் பழவேற்காடு. ஆய்வாளருக்கு இதனினும் பெரிய ஆய்வுக்கூடம் வேறெங்கே கிடைக்கும்?

மின் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் நாட்டில் யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, டன்னுக்கு 400 கிலோவுக்கு மேல்! இதுவும் போதாதென்று, வார்த்தெடுத்த இரும்புக் கட்டியை ஆறவிட்டு, கம்பியாக உருட்டுவதற்காக மீண்டும் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு. சூடு தணியுமுன் உருட்டாலைக்கு அனுப்பினால் அவ்வளவு எரிபொருளும் மிச்சம். இந்த உண்மை புதிதன்று. ஆனால் ஒவ்வோர் ஆலையின் அமைப்புக்கும் ஏற்றபடி அதைச் செய்துகாட்டுவது யார் பொறுப்பு? பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்றே நாம் சொல்கிறோம்.

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்பார் சிலர். 2016-இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா சாம்பல் தயாரிக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது அதன் திட்ட அளவு. அந்த முறையை உருவாக்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இரு இளைஞர்கள். ஆய்வு ஆலைக்குள் நுழைந்தால் இதுவும் நடக்கும். புகையைப் பிடிக்கலாம் என்பதற்காக மேலும் புகைக்கலாம் என்று நாம் வாதிடவில்லை. எரிக்காத நிலக்கரியே எல்லாவற்றினும் மலிவானது.

குற்றம் பேராசிரியர்மீது மட்டுமன்று. ஆய்வு மாணவன் வந்தால் வாயிற்கதவைச் சாத்தும் ஆலை முதலாளிக்கும் இதில் பங்குண்டு. பொறியியல் படிக்கும் மகனிடம், "சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" என்று மட்டுமே கேட்கும் நமக்கும் பங்குண்டு. 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை எழுப்பிய சமுதாயம் இது. கட்டடத்திற்கு வாரி வழங்கும் நம் செல்வர்கள், ஓர் ஆய்வு மாணவன் ஈராண்டுகள் உலைக்களத்தில் நின்று பணியாற்ற உதவித்தொகை வழங்கலாகாதா?

2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா உலகுக்கு வாக்களித்தது. கடல் நமது கால அட்டவணையைப் பார்த்து உயர்வதில்லை. பழவேற்காட்டின் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லப்போவது கரையா, அலமாரியில் உறங்கும் ஆய்வேடா?