மூன்று நாள் தலைமைத்துவம்

முதல் நாள் அறிமுக விளையாட்டு. இரண்டாம் நாள் குழுக் குழுவாக இருந்து டிமைத் தாளில் 'பிரச்சினை மரம்' கீறுதல். மூன்றாம் நாள் சான்றிதழ், குழுப்படம், போக்குவரத்துக் காசுக்கு ஒரு கையெழுத்து. எங்களில் பலரிடம் இப்படி ஐந்தாறு தலைமைத்துவச் சான்றிதழ்கள் கிடக்குது. ஆனா ஊர்ச் சங்கத்தின்ர கணக்குப் புத்தகத்தைக் கையில தந்தால் முழிக்கிறம்.

விளையாட்டில எங்களுக்குக் கோபமில்லை. யாருக்குப் பதில் சொல்ல எங்களைப் பழக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. முன்மொழிவு எழுதுகிறோம், வந்தவர்களை எண்ணுகிறோம், காசு தந்தவருக்கு அறிக்கை அனுப்புகிறோம். அப்படித் தகவல் எடுக்கப் போன ஒரு கிராமத்தில் ஒரு அம்மா கேட்டா: "போன முறையும் எழுதிக்கொண்டு போனனீங்கள் பிள்ளையள், அது என்னாச்சு?" எங்களிட்ட பதில் இல்லை. திட்டம் முடிஞ்சிட்டுது, அவ்வளவுதான்.

1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தங்கட தீவில இறங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை வருடக்கணக்காகக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ஆர் வாறது, செலவை ஆர் பாக்கிறது, கோவிச்சுக்கொண்டு போனவரை ஆர் போய்க் கூட்டிவாறது? இதெல்லாம் பேசித் தீர்க்காமல் எந்தப் போராட்டமும் ஒரு கிழமை தாண்டாது. ஆனா எங்கட பட்டறைகளில் இவர்கள் 'பயனாளிகள்'. பயிற்றுநராகக் கூப்பிட ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்லை. கணக்கு எழுதுவதும் கூட்டம் நடத்துவதும் பழகித்தான் வரும். அதை ஹோட்டல் மண்டபத்தில் வைக்காமல் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வையுங்கோ. மூன்று நாளில் முடிக்காமல் ஒரு வருடம் நடத்துங்கோ. போன கூட்டத்தின் அறிக்கையை வாசிக்க, வரவு செலவைச் சனத்துக்கு முன்னால் காட்ட, "அந்த ஐயாயிரம் எங்க?" என்று கேட்டால் கோபப்படாமல் விளக்க, நிர்வாகத் தெரிவில் தோற்றாலும் அடுத்த கூட்டத்துக்கு வரப் பழக்குங்கோ.

நாங்களும் சும்மா தப்ப ஏலாது. சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் போனது நாங்கள்தான். அடுத்த முறை படிவத்தோட ஊருக்குப் போக முதல், போன முறை எழுதிக்கொண்டு வந்தது என்னாச்சு என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வருவம்.