துயரத்துக்குத் தாளம் தெரியாது

ஜாஸ் பக்கம் புதிதாக வருபவரிடம் பில்லி ஹாலிடேயின் இசைத்தட்டைக் கொடுப்பவர்கள் கூடவே ஒரு சோகக் கதையையும் கொடுத்துவிடுகிறார்கள். வறுமை, சிறை, ஹெராயின், அடித்து உதைத்த ஆண்கள், 44 வயதில் சாவு. இத்தனையும் பட்டதால்தான் அப்படிப் பாடினார், பட்ட பாடே பாட்டானது என்கிறார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டைச் சுழலவிட்டால் இந்தக் கருத்து மூன்று நிமிடம்கூடத் தாங்காது.

1935 ஜூலையில் பியானோக் கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு ஹாலிடே நியூயார்க்கில் பாடிப் பதிவு செய்த தட்டுகளை எடுத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு வயது 20. சீர்திருத்தப் பள்ளி, கைது எல்லாவற்றையும் அதற்குள் பார்த்தாயிற்று. துயரம்தான் அந்தக் குரலை வடித்தது என்றால் அன்றே அது அழுதிருக்க வேண்டும். 'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ' பாட்டிலோ குரல் குதூகலிக்கிறது. பென்னி குட்மனின் கிளாரினெட் முன்னே ஓட, மற்ற வாத்தியங்கள் விரட்டிக்கொண்டு வர, ஹாலிடே மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் அந்த ஓட்டத்தின் மேல் சொற்களை நீட்டி நீட்டிப் போட்டுக்கொண்டு போகிறார். ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஆட வந்தவர்கள் கேட்ட பாட்டு இது. இதில் எந்த வடுவைத் தேடுவது?

தேட வேண்டியது வேறு. ஹாலிடேயின் குரல் வீச்சு ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேல். கணீரென்ற சாரீரமும் இல்லை. இந்தச் சின்னக் கைமுதலை வைத்துக்கொண்டு அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, மெட்டைச் சுருக்கினார். ஏறி இறங்கிப் போக வேண்டிய வரியை இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் அடக்கிப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டாவது, காலத்தோடு விளையாடினார். தாளம் விழுந்த பிறகே சொல்லை வைப்பார். நம் கச்சேரிகளிலும் இடம் தள்ளி எடுக்கும் எடுப்பு உண்டு. ஆனால் அந்த இடம் முன்பே வகுத்தது. ஹாலிடேயிடம் அது வரிக்கு வரி மாறும். ஒரு சொல் பின்தங்கும், அடுத்தது எட்டிப் பிடிக்கும், வரி முடியும்போது கணக்கு சரியாக வந்து நிற்கும். தாளம் உள்ளுக்குள் ஆடாமல் அசையாமல் இருப்பவருக்குத்தான் இது கைகூடும். அடி வாங்கியவர்கள் எல்லோருக்கும் அது வந்துவிடாது.

புதியவர்கள் இதைக் கேட்டே உணர ஒரு நல்ல வழி இருக்கிறது. 1937இல் பதிவான 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' பாட்டில் முதலில் லெஸ்டர் யங் தன் டெனார் சாக்ஸபோனில் மெட்டை வாசிக்கிறார், பிறகு ஹாலிடே பாடுகிறார். அடுத்தடுத்து இரண்டு முறை கேளுங்கள். மூச்சை எங்கே விடுவது, எந்த ஸ்வரத்தைத் தொடாமல் விடுவது என்பதில் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல் இருப்பார்கள். யங்கும் குடியால் அழிந்தவர்தான். 1959இல் ஹாலிடேவுக்கு நான்கு மாதம் முன்னால் இறந்துபோனார். ஆனாலும் அவருடைய வாசிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் சொற்றொடர் அமைப்பைப் பேசுகிறார்கள், சிந்தனையைப் பேசுகிறார்கள். அதே வேலையைச் செய்த கறுப்பினப் பெண்ணிடம் வந்தால் மட்டும் காயத்தைப் பேசுகிறார்கள். அவனுக்கு மூளை, இவளுக்கு வலி. என்ன நியாயம் இது?

'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றிய அந்தப் பாட்டை எழுதியவர் ஏபல் மீரொபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர். 1939இல் 'கஃபே சொசைட்டி' விடுதியில் ஹாலிடே அதைப் பாடும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடி முடித்ததும் அவர் போய்விடுவார், மறுபடி மேடைக்கு வரமாட்டார். ஒவ்வொரு அசைவும் திட்டமிட்டது. பதிவைக் கேட்டாலும் அவர் எங்கேயும் கதறுவதில்லை. கதறல் முழுவதையும் கேட்பவருக்கு விட்டுவிடுகிறார். கொலம்பியா நிறுவனம் அந்தப் பாட்டை வெளியிட மறுத்தது. சின்ன நிறுவனமான கமடோரிடம் போய்ப் பதிவு செய்தார். இதைத் துயரம் செய்யவில்லை, துணிவும் கணிப்பும் செய்தன.

இந்தக் கட்டுக்கதைக்கு உரம் போட்டவை 1956இல் வில்லியம் டஃப்டியோடு சேர்ந்து ஹாலிடே வெளியிட்ட சுயசரிதையும், 1972இல் டயானா ராஸ் நடித்து அந்த நூலின் பெயரிலேயே வந்த படமும். அந்த நூலில், மணமே செய்துகொள்ளாத பெற்றோருக்கு மணம் நடந்ததாக வருகிறது. அதை நம்பிப் பாட்டுக்குப் பொருள் சொல்வது ஆபத்து.

கடைசிக் காலத்துப் பதிவான 'லேடி இன் சாட்டின்' (1958) துயரக் கதை சொல்பவர்களுடைய கடைசி ஆயுதம். குரல் கிழிந்து கிடக்கிறது, அதனால்தான் உண்மையாக இருக்கிறது என்பார்கள். உற்றுக் கேட்டால் தெரியும், அங்கே குரல் போய்விட்டது. போகாமல் நிற்பது 20 வயதில் இருந்த அதே காலக்கணக்கு. பாட்டைத் தாங்குவது அதுதான். அதனால் புதியவர்கள் 1935க்கும் 1941க்கும் இடைப்பட்ட தட்டுகளில் தொடங்கட்டும். 'லேடி இன் சாட்டினை' அப்புறம் கேட்டால், எது அழிந்தது, எது அழியவில்லை என்று அவர்களுக்கே விளங்கும்.

துன்பம் ஹாலிடேவுக்குக் கொடுத்தது எதுவும் இல்லை, எடுத்துக்கொண்டதுதான் உண்டு. 1947இல் சிறைக்குப் போனதால் நியூயார்க் இரவு விடுதிகளில் பாடும் உரிமம் பறிபோனது. 1959இல் மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்தார்கள். அவருடைய கலையைத் துயரம் உண்டாக்கியது என்று சொல்கிறவர்கள், அந்தப் பெருமையில் ஒரு பங்கை அவரைச் சிறையில் தள்ளியவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சல்லிக்காசுகூடச் சேர வேண்டியதில்லை.