நோயின் பெயரில் ஒரு கடல்

‘குடும்ப மத்தியதரைக் கடல் காய்ச்சல்’ என்ற பெயரை மருத்துவ நூல்களிலிருந்து நீக்க வேண்டும் என்பேன். மொழியியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சிக்கலே சொல்லில்தான் இருக்கிறது.

வயிறு திடீரென இறுகி வலிக்கும்; காய்ச்சல் அடிக்கும்; 12 மணி நேரம் முதல் 3 நாள் வரை வாட்டிவிட்டுத் தானே அடங்கும். பின் மீண்டும் வரும். குடல்வால் அழற்சியென்று எண்ணி நல்ல குடல்வாலை அறுத்தெறிந்த கதைகள் உலகெங்கும் உண்டு. 1945இல் சீகல் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு இட்ட பெயரில் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழி இருந்தது. தீங்கற்றதா? மருந்தின்றி விட்டால் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். 1958இல் ஹெல்லர் குழுவினர் கடலின் பெயரைச் சூட்டினர். துருக்கியர், ஆர்மேனியர், யூதர், அரபியரிடையே இது மிகுதி என்பது உண்மைதான். ஆனால் ஜப்பானிலும் இந்தியாவிலும் நோயாளிகள் பதிவாகியுள்ளனர்.

தாராவியிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்ப்பெண் “விட்டு விட்டு வலிக்கிறது, மேல் சுடுகிறது” என்கிறாள். பள்ளி செல்லும் மகளின் இந்தியில் அது ‘பேட் மே தர்த்’ என்று சுருங்கி மருத்துவரை அடைகிறது. ‘விட்டு விட்டு’ வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நோயறிதலின் திறவுகோலே அந்த அடுக்குத்தொடர்தான்!

காசநோய் மலிந்த நகரில் அரிய நோயை முதலில் தேடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காசநோய் மூன்றே நாளில் தானாக அடங்காது என்று மட்டும் சொல்கிறேன். உடன்பிறந்தாருக்கு உண்டா, பெற்றோர் உறவினரா என்று கேட்கச் செலவில்லை. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் இந்நோய் வெளிப்படும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம்மிடம் கேட்க வேண்டாத கேள்வியா இது?

மருந்தின் கதை இன்னும் கசப்பு. 1972 முதல் இந்நோய்க்குப் பயன்படும் கால்ச்சிசினின் பெயர், கருங்கடற்கரைக் கோல்கிஸ் நாட்டிலிருந்து வந்தது. மருந்தோ மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் விளையும் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. (கிழங்கைத் தின்று பார்க்க வேண்டா, கொடிய நஞ்சு.) நம் மாநில மலரின் விதை கடல் கடந்து மருந்தாகிறது, மாட்டுங்காவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கோ ‘கேஸ்’ என்று சொல்லி அமிலம் தணிக்கும் மாத்திரை.

பெயர் மாறும்வரை காத்திராதீர்கள். வலி தொடங்கிய நாள், அடங்கிய நாள், காய்ச்சலின் அளவு ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வலிக்கும் நாளிலேயே சி.ஆர்.பி. பரிசோதனை கேளுங்கள், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.