டங்ஸ்டனுக்கு இரும்பு விலையா?

லேத் பட்டறையில் தேய்ந்து போன கார்பைடு டிப் எங்கே போகிறது தெரியுமா? விழுப்புரமோ திண்டிவனமோ, நான் பார்த்த வரை இரும்புச் சுருளோடு ஒரே சாக்கில் விழுந்து காயலான் கடைக்குத்தான். அங்கே தராசில் அதுவும் இரும்புதான்!

ஒரு டிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே அளவு இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும். ஏறக்குறைய 90 சதவீதம் டங்ஸ்டன் கார்பைடு, மிச்சம் பெரும்பாலும் கோபால்ட். இரண்டு உலோகமும் 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் உள்ளவை. உருகிய துத்தநாகத்தில் 900 டிகிரி வாக்கில் ஊறவைத்து, பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கிவிட்டால் தூளாகத் திரும்பக் கிடைக்கும். அதிலேயே புது டிப் செய்யலாம். உலகம் பல வருடமாகச் செய்கிற வேலைதான் இது.

விமானப் பாகம் கடைகிற இடங்களில் வரும் இன்கோனல் 718-ல் பாதிக்குப் பாதி நிக்கல், 5 சதவீதம் நயோபியம். காந்தம் ஒட்டாது. தெரியாதவர் கையில் அது வெறும் 'எஸ்.எஸ்.' ஆகிவிடும்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? வரி அட்டவணையைப் புரட்டுங்கள். இரும்புக் கழிவு 7204, நிக்கல் கழிவு 7503, டங்ஸ்டன் 8101 என்று தனித்தனியாகவே இருக்கிறது. பில் போடும்போதுதான் எல்லாம் 7204.

2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதே வருடம் செப்டம்பரில் முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்லது. ஆனால் சலுகை, உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு. சாக்கைக் கொட்டித் தரம் பிரிக்கிறவருக்கு? அவர் பிரிக்காவிட்டால் ஆலைக்கு எது போகும்?

"ஒரு பட்டறையில் வருடத்துக்குச் சில கிலோ தேறுமா, இதற்குப் போய்..." என்பார்கள். நம் ஊர் பால் சொசைட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றுகிறவருக்கும் கொழுப்பு பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? உலோகத்துக்கும் கருவி இருக்கிறது. எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் சில நொடியில் என்ன கலவை என்று சொல்லிவிடும். விலை லட்சங்களில், காயலான் கடைக்காரரால் முடியாது. மாவட்டத் தொழில் மையம் ஒன்று வாங்கி வைத்து, சிறு கட்டணத்துக்குச் சோதித்துக் கொடுத்தால் என்ன?

அதுவரை பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, டிப்பையெல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகச் சேருங்கள். இரும்பு விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.