இணைத்தது எல்லையை, மனிதர்களை அல்ல

ஊராட்சி மன்றங்களை இணைத்தால் சேவை பெருகுமாம். நான் கேட்கிறேன்: யாருக்கு?

1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1970-களில் தீபகற்பத்தின் 300-க்கும் மேற்பட்ட மன்றங்களை இணைத்து நூறுக்கும் கீழே சுருக்கினார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலையே ஒழித்தது.

இன்று தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், தேயிலைத் தோட்டங்கள், எல்லாம் ஒரே கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள். ஆனா லயத்துச் சாக்கடை அடைச்சா? தோட்டம் தனியார் நிலம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் குடியிருப்பு முதலாளி பொறுப்பு. சரி, மன்ற உறுப்பினரைத் தட்டிக் கேட்கலாமா? அவரை நாம தேர்ந்தெடுக்கல. மாநில அரசு நியமிச்சது.

இலங்கையில் தோட்டங்களுக்குப் பிரதேச சபை செலவிட 1987-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட தடையை 2018-இல் தளர்த்தினார்கள். அங்கே சபைக்குத் தேர்தல் இருக்கு. இங்கே? வரைபடத்தை இணைச்சது போதும். முதல்ல ஓட்டைத் திருப்பிக் கொடுங்க.