இயற்கை வளம்: பாடம் கட்டாயம், பட்டத்துக்கு மதிப்பில்லை

புது தில்லி: 2024 கோடையில் பெங்களூரு குடிநீருக்குத் தவித்தது. குடிநீரால் கார் கழுவினால் ரூ.5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் ஜீவனஹள்ளியின் குழாய்களுக்கு வருவதும் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீர்தான். அப்பகுதியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர், இந்த நீரைப் பற்றி வகுப்பறையில் எவ்வளவு கற்கிறார்?

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-இல். அனைத்து இளநிலைப் பட்ட மாணவர்களுக்குமான ஆறு மாதப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது 2003-04-இல்தான். அதிலும் மொத்தம் 50 வகுப்புகளில் இயற்கை வளங்களுக்குக் கிடைத்தவை எட்டு. காடு, நீர், கனிமம், உணவு, எரிசக்தி, நிலம் ஆகிய ஆறும் அதற்குள் அடங்க வேண்டும். களப்பணிக்கு ஐந்து.

புதிய கல்விக் கொள்கையை ஒட்டி 2023-இல் வெளியான வழிகாட்டுதல், இப்பாடத்துக்கு நான்கு கிரெடிட் வழங்கியது. இது முன்னேற்றமே. ஆனால், இத்துறையையே பட்டப்படிப்பாக எடுப்பவருக்கு அரசுப் பணியில் என்ன இடம்?

விதியில் உள்ள முரண்

நாட்டின் காடுகளை நிர்வகிக்கும் இந்திய வனப் பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவையும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் உள்ளன. சுற்றுச்சூழல் அறிவியலும் இயற்கை வள மேலாண்மையும் பெயரளவில்கூட இல்லை. இயந்திரப் பொறியாளர் விண்ணப்பிக்கலாம்; இயற்கை வள மேலாண்மைப் பட்டதாரியோ, பட்டியலில் உள்ள பாடம் ஒன்றையும் சேர்த்துப் படித்திருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

கல்வியையும் காடுகளையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்ற 48-ஏ பிரிவைச் சேர்த்ததும் அதே திருத்தமே. அரை நூற்றாண்டு ஆகியும் அக்கடமைக்கு ஆள் தயாரிக்கும் படிப்பும், ஆள் எடுக்கும் விதியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

தமிழகத்துக்கு ஏன் முக்கியம்?

2018 பிப்ரவரி 16-இல் வெளியான காவிரித் தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி., தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டது, 4.75 டி.எம்.சி., பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கானது. இரு மாநிலங்களின் உரிமையைத் தீர்மானித்ததில் நிலத்தடி நீர்க் கணக்குக்கும் நகரத் தேவைக் கணக்குக்கும் பெரும்பங்கு உண்டு. அவற்றைப் போடத் தெரிந்தவர்களை உருவாக்குவது கல்லூரிகளின் வேலை. அவர்களுக்குப் பணி வாயிலைத் திறப்பது மத்திய அரசின் வேலை.

பாட நேரத்தைக் கூட்ட மானியக் குழுவின் சுற்றறிக்கை போதும். தேர்வு விதியைத் திருத்த சுற்றுச்சூழல் அமைச்சகம் முன்வர வேண்டும். காவிரிக்காக மக்களவையில் எதிரெதிராக நிற்கும் தமிழக, கர்நாடக எம்.பி.க்கள், இந்த ஒரு கோரிக்கையிலாவது ஒரே குரலில் பேசுவதற்குத் தடை ஏதுமில்லை.